புருவ ஏலம்

அந்தத் தொண்ணூறு பெட்டித் தக்காளியை நஞ்சம்மாள் வாங்கவே இல்லை. பாலக்கோடு மார்க்கெட்டுக்குள் ஒரு டிராக்டர் நுழைந்தது. யாருடையது என்று நிமிர்ந்து பார்த்தாள். அவள் செய்தது அவ்வளவுதான். பார்த்து முடிப்பதற்குள் ஏலக்காரர் கிருஷ்ணப்பன், "நஞ்சம்மா!" என்று கூவி முடித்துவிட்டார். வெடித்த பழம். காம்புப் பக்கமெல்லாம் பச்சை. மேலே நாலு நல்ல பழத்தை அடுக்கி, கீழே கோலிக்குண்டு சைஸில் பொறுக்கிப் போட்டிருந்தார்கள். அவள் சரக்குப் போடுகிற ஓசூர் மெஸ்காரர்கள் இதைப் பார்த்தால் போனிலேயே செருப்பைக் கழற்றுவார்கள்.

"நான் கேக்கலைங்கண்ணா" என்றாள்.

"புருவத்தத் தூக்குனியேம்மா" என்றார் கிருஷ்ணப்பன். அறுபத்தாறு வயதில் அவருக்குப் புதுசாக ஒரு ஸ்டைல் வந்திருந்தது. மழை நாளிலும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டுதான் ஏலம் விடுவார்.

"நானும் பாத்தேன்க்கா. ரெண்டும் தூக்குனீங்க" என்று பக்கத்திலிருந்து தீர்த்தகிரி சாட்சி சொன்னான். அவனும் அவளைப் போலத் தக்காளி வாங்கி விற்கிறவன். பத்து வயது சின்னவன், பத்து ஊருக்குக் கேட்கிற தொண்டை. நஞ்சம்மாள் நிற்கிற இரும்புத் தூண் ஓரத்து இடத்தின்மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண் இருந்தது. அங்கே நின்றால்தான் வருகிற பெட்டி ஒவ்வொன்றும் முதலில் கைக்கு எட்டும்.

தூக்கியது உண்மைதான். அதை நஞ்சம்மாளால் மறுக்க முடியவில்லை.

இங்கே புருவத்தின் வரலாற்றைச் சொல்லிவிட வேண்டும். மற்ற எல்லாரும் அந்த மண்டியில் வாயால் ஏலம் கேட்பார்கள். நஞ்சம்மாள் மட்டும் புருவத்தால் கேட்பாள். இருபத்தேழு வருசத்துக்கு முன்னால், மாரண்டஹள்ளியிலிருந்து பஸ் ஏறி முதல்முறையாக ஏலத்துக்கு வந்தபோது அவளும் வாயால்தான் கேட்டாள். ஆம்பளைக் கூட்டத்துக்கு நடுவே பயத்தில் குரல் இரண்டாகப் பிளந்து, பாதி மேலேயும் பாதி கீழேயும் போனது. மண்டியே சிரித்தது. ஒரு வாரத்துக்கு ஆளாளுக்கு அவள் குரலில் தக்காளி வாங்கினார்கள், டீ வாங்கினார்கள், பஸ்ஸில் டிக்கெட்கூட வாங்கினார்கள். அவள் வீட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு, இனிமேல் போவதில்லை என்று முடிவு செய்தாள். அப்போதுதான் கிருஷ்ணப்பன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, "நீ கத்தவே வேணாம்மா. தூண் பக்கத்துல நின்னுக்க. எடது புருவத்தத் தூக்குனா பெட்டிக்கு அஞ்சு ரூவா ஏத்து, ரெண்டும் தூக்குனா பத்து. நான் பாத்துக்கறன்" என்றார். அன்றிலிருந்து அந்த மண்டியில் அவள் வாய் திறந்து ஏலம் கேட்டதில்லை. மனுசன் நல்லவர் என்று இன்றைக்கும் சொல்வாள்.

புருவம் நன்றாகத்தான் வேலை செய்தது. கெடுத்தது இமை. நஞ்சம்மாளின் அப்பன் வீட்டுச் சொத்தில் நிலமெல்லாம் அண்ணனுக்குப் போனது, இமை மட்டும் இவளுக்கு வந்தது. ஐம்பது தாண்டியதும் மேல் இமைத் தோல் மடிந்து மடிந்து கண்மேல் இறங்கியது. ஐம்பத்தாறில் பாதிக் கண்ணை மூடிவிட்டது. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே வியாபாரம் செய்கிற மாதிரிதான் அவள் உலகத்தைப் பார்த்தாள். யாராவது வந்தால், எதையாவது பார்க்க வேண்டுமென்றால், நெற்றியைச் சுருக்கிப் புருவத்தை மேலே இழுக்க வேண்டும். இழுத்தால் இமை தூக்கும், இமை தூக்கினால் கண் தெரியும். கூடவே தக்காளியும் வந்து சேரும்.

"இதுக்குப் போயி மூக்கச் சிந்தறயா? எங்கிட்ட விடு" என்றார் அவள் புருசன் மாதேஸ்வரன். சாமந்தித் தோட்டம் வைத்திருக்கிறவர். பூ கூட இவருக்கு முன்னால் எழுந்துவிடும். அவர் மறுநாள் அதிசயமாக விடிவதற்கு முன் எழுந்து, அவளுடைய இமைத் தோலை மேலே மடித்து, காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியைச் சின்னதாகக் கத்தரித்து ஒட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்தபோது கண் நன்றாகத் திறந்துதான் இருந்தது. யாரோ திடீரென்று தோளைத் தட்டிய மாதிரி ஒரு முழிப்பு. ஆனால் தெரிந்தது. சுவர்ப் பல்லியின் வால்வரைக்கும் தெரிந்தது. நஞ்சம்மாள் சந்தோசமாக பஸ் ஏறினாள்.

ஏழரை மணி வெயிலில் இடது கண் பிளாஸ்திரி வேர்வையில் கழன்று கண்ணுக்குள் சொருகியது. அவள் துடித்துப்போய் முகத்தை என்னென்னவோ செய்தாள். அந்த நேரம் பார்த்து ஓடிக்கொண்டிருந்த ஏலத்தில் நாற்பது பெட்டி அவள் பேருக்கு வந்தது. பழம் அழுகல். தீர்த்தகிரி சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. கையைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

"எதுக்குக்கா இந்த வயசுல இந்தப் பாடு? வூட்ல இருங்க. மருமவன அனுப்புங்க" என்றான்.

மண்டி முதலாளியும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. "ஒரு மாசம் பாக்கலாம்ங்க. இன்னொரு தடவ இப்படி ஆச்சின்னா உங்களுக்குப் பதிலா வேற ஆளு வரட்டும். ஏலத்துல தகராறு வரக் கூடாது பாருங்க."

வேற ஆள் என்றால் மருமகன் குரு. ஓசூரில் கம்பெனி வேலை. தக்காளியைக் கையில் கொடுத்தால் சார்ஜ் எங்கே போடுவது என்று தேடுகிற பையன். அவனைத் தூண் ஓரத்தில் நிறுத்தினால் மூன்றே நாளில் தீர்த்தகிரி அவனைப் பெட்டியோடு சேர்த்து விற்றுவிடுவான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நஞ்சம்மாளுக்கு வந்தது கோபமில்லை. பயம்தான். காலையில் அந்த இரண்டு மணி நேரம் இல்லையென்றால் தான் யார் என்று யோசித்துப் பார்த்தாள். மாதேஸ்வரனுக்குச் சோறு போடுகிறவள், கனிமொழிக்கு அம்மா. இரண்டும் நல்ல வேலைதான். ஆனால் இரண்டுக்கும் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூவியதில்லை.

மகள் கனிமொழி ஓசூரிலிருந்து வந்து, அம்மாவைத் தர்மபுரிக்குக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் பேர் மலர்விழி. பேர் வைத்தவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும் போல. முதலில் ஒரு பரிசோதனை. ஒரு மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே சின்னச் சின்னப் பொட்டாக வெளிச்சம் வரும், வெளிச்சத்தைப் பார்த்ததும் கையிலிருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். வெளிச்சம் வந்தது, போனது, வந்தது, போனது. பட்டன் மட்டும் அமுங்கவே இல்லை.

"தூங்கிட்டீங்களாம்மா?" என்றாள் மிஷின் பக்கத்தில் நின்ற பெண்.

"இல்லயேம்மா. எல்லாத்தையும் கேட்டுட்டனே" என்றாள் நஞ்சம்மாள். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் அவள் இடது புருவத்தைத் தூக்கியிருந்தாள்.

மறுபடி வைத்தார்கள். புருவத்தை அசைக்கக் கூடாது என்று அந்தப் பெண் நெற்றியில் விரலை வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை பட்டன் அமுங்கியது. ஆனால் பார்வையில் மேல்பாதி முழுக்க இருட்டு என்று காகிதத்தில் கறுப்பாக வந்தது.

டாக்டர் சின்ன ஸ்கேலை வைத்து இமையை அளந்தார். மேலே பார், கீழே பார் என்றார். பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். கண் இப்படி மூடுவதற்கு மூன்று காரணம் இருக்கலாம். இமைத் தோல் அதிகமாகித் தொங்கலாம். இமையைத் தூக்குகிற சதை தளர்ந்திருக்கலாம். புருவமே கீழே சரிந்திருக்கலாம். மூன்றுக்கும் வேறு வேறு ஆபரேஷன்.

"உங்களுக்கு அந்தச் சதை நல்லா இருக்கும்மா. அதத் தொட வேணாம். தோல்தான் பிரச்சன. மடிப்புல கீறி, மிச்சத் தோல எடுத்துட்டுத் தச்சிடலாம். ஆனா ஒண்ணு. இத்தன நாளா கண்ணத் தொறக்க உங்க புருவம்தான் முட்டுக் குடுத்துட்டிருக்கு. தோல எடுத்ததும் அதுக்கு வேல இருக்காது. கொஞ்சம் கீழ எறங்கி உக்காரும். சில பேரு அது பிடிக்கலன்னு புருவத்தையும் சேத்து மேல ஏத்திக்கறாங்க. அது உங்க விருப்பம்."

நஞ்சம்மாள் புருவத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "கீழ உக்காந்த புருவத்த, நான் வேணுங்கறப்ப தூக்க முடியுங்களா?"

"தூக்கலாமே."

"ஒத்தப் புருவமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை போலிருக்கிறது. "எடது மட்டும் தூக்குவீங்களா? எங்க, தூக்குங்க" என்றார். நஞ்சம்மாள் தூக்கினாள். டாக்டரும் தூக்கிப் பார்த்தார், வரவில்லை. "ஆபரேஷன் பண்ணாலும் உங்களுக்கு இது போகாதும்மா. யோசிச்சிட்டு வாங்க" என்று அனுப்பினார்.

கனிமொழிக்கு யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. புருவம் இறங்கும் என்ற வார்த்தையே அவளுக்குப் பிடிக்கவில்லை. "செய்யறதுதான் செய்யறோம், மூஞ்சியும் நல்லா இருக்கட்டுமேம்மா" என்று ஓசூரில் ஓர் அழகு கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஏ.சி. இருந்தது, மீன் தொட்டி இருந்தது, குடிக்கக் குளிர்ந்த எலுமிச்சைத் தண்ணீர் வந்தது. நோயாளி என்று யாரையும் பார்க்க முடியவில்லை. எல்லாரும் ஏற்கனவே அழகாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் சின்னப் பையன். முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. சிரித்தால் மட்டும் கன்னத்தில் ஏதோ அசைந்தது. முடிக்குள்ளே சின்னதாகக் கீறி, புருவத்தை மேலே இழுத்துக் கட்டிவிடலாம் என்றான். தழும்பு தெரியாது. அதுவும் வேண்டாமென்றால் நூல் கோத்து இழுக்கலாம், ஆனால் கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். ஊசிகூட இருக்கிறது என்றான். நஞ்சம்மாளுக்கு மெத்தைக் கடைக்கு வந்த மாதிரி இருந்தது.

பிறகு அவளைப் போட்டோ எடுத்து, கையிலிருந்த பலகையில் என்னவோ தேய்த்து, "இப்படி இருப்பீங்க ஆன்ட்டி" என்று திருப்பிக் காட்டினான்.

படத்தில் இருந்தவள் பத்து வயது குறைந்திருந்தாள். கண் பெரிசாக இருந்தது. நெற்றி பளபளவென்று இருந்தது. இரண்டு புருவமும் வளைந்து, மேலே, ரொம்ப மேலே நின்றன.

"சூப்பரா இருக்கும்மா!" என்றாள் கனிமொழி.

"பத்து ரூவா" என்றாள் நஞ்சம்மாள்.

"என்னாது?"

"ரெண்டு புருவமும் மேல இருந்தா பத்து ரூவாடி. இவ நாள் முழுக்கப் பத்து பத்தா ஏத்திக்கிட்டே இருக்கறா. இந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு மண்டிக்குள்ள போனா, மார்க்கெட்டுல இருக்கற மொத்தத் தக்காளியும் நம்ம வூட்டு வாசல்ல வந்து எறங்கும்."

கனிமொழி கோபித்துக்கொண்டாள். எப்போது பார்த்தாலும் மண்டி, மண்டி. தனக்காக ஒரு நாளாவது கண்ணாடி பார்த்திருக்கிறாயா என்றாள். அதில் நியாயம் இருந்தது. அந்தப் படத்தை நஞ்சம்மாளுக்கும் பிடிக்காமல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் படம் வந்து சேர்ந்திருந்த மகளின் போனை வாங்கி, மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நின்று, யாருக்கும் தெரியாமல் இரண்டு தடவை பார்த்தாள். நல்லாத்தான் இருந்தாள், கழுதை.

அதனால் முடிவை அவசரப்படாமல், சோதனை வைத்து எடுப்பது என்றானது. சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக் கூடத்தில் ஏலம் நடந்தது. சரக்கு, தேங்காய் நாலு. ஏலக்காரர் மாதேஸ்வரன். முதலில் கனிமொழி அம்மாவின் புருவம் இரண்டையும் பிளாஸ்திரி போட்டு மேலே இழுத்து நெற்றியோடு ஒட்டினாள். அது ஓசூர் வழி.

"தேங்கா நாலு, இருவது ரூவா!" என்று மாதேஸ்வரன் கூவினார். நஞ்சம்மாள் சும்மா நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தார். "முப்பது! நாப்பது! அம்பது! ஏ நஞ்சா, நிறுத்து, தேங்காக்கு இது ரொம்ப அதிகம்."

"நான் எங்கீங்க கேட்டேன்? நீங்களேதான் ஏத்தறீங்க."

அடுத்தது தர்மபுரி வழி. இமைத் தோலை மட்டும் மடித்து ஒட்டினார்கள். நஞ்சம்மாள் நெற்றியைத் தளர்த்தினாள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு நெற்றி தளர்ந்தது அவளுக்கே தெரிந்தது. தலையிலிருந்து ஒரு கூடையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. புருவம் கீழே வந்து உட்கார்ந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. மாதேஸ்வரன் கூவினார். அவள் இடது புருவத்தைத் தூக்கினாள். "அஞ்சு!" என்றார். இறக்கினாள். நிறுத்தினார். தேங்காய் இருபத்தைந்து ரூபாய்க்கு முடிந்தது. "இதான்" என்று பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டாள்.

"எங்கிட்ட கேட்டீன்னா ரெண்டுமே வேணாம்" என்றார் மாதேஸ்வரன், தேங்காயை எடுத்துக்கொண்டே. "பாதிக் கண்ணு தெரியாததனாலதான் இத்தன வருசம் என்ன வெச்சிக்கிட்டிருக்கற."

ஆபரேஷன் ஒரு மணி நேரம். மரத்துப்போக ஊசி போட்டு, முழித்துக்கொண்டிருக்கும்போதே செய்தார்கள். இடையிடையே கண்ணைத் திற, மூடு என்றார்கள். எடுத்த தோலைப் பார்க்கலாமா என்று கேட்டாள். காட்டினார்கள். வெங்காயத் தொலி மாதிரி இரண்டு துண்டு. இந்தத் துண்டுக்காகவா நூற்று முப்பது பெட்டி வாங்கினோம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மூன்று நாள் கண்ணைச் சுற்றிக் கருநீலமாக வீங்கி, பால் ஊற்ற வந்தவள் மாதேஸ்வரனைத் தனியாகக் கூப்பிட்டு, பொம்பளையைக் கை நீட்டி அடிக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒரு வாரத்தில் தையல் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நஞ்சம்மாள் புருசனை ஆற அமரப் பார்த்தாள்.

"இவ்வளவு நரையாங்க?" என்றாள்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் அவர்.

மூன்றாவது வாரம் அவள் வழக்கம் போல நெற்றிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மண்டிக்குப் போனாள். தூண் ஓரத்தில் தீர்த்தகிரி நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும், "வாங்கக்கா. என்னக்கா இப்படி முறைக்கறீங்க?" என்று தானாகவே நகர்ந்துகொண்டான். அவள் முறைக்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். எல்லாம் தெரிந்தது. வத்தல்மலையிலிருந்து வந்த ஒருவரின் பெட்டியில் ஒரே அளவாக, கல்லு மாதிரிக் கெட்டியான பழம். அதற்கடுத்த பெட்டிகளில் மேல் அடுக்குக்குக் கீழே ஒளித்துவைத்த சொத்தை. வந்திருந்த முகங்கள், தொங்கிய தராசு, கூரைத் தகரத்தின் ஓட்டைகள். நெற்றியை அசைக்காமலே அத்தனையும் பார்த்தாள்.

ஏலம் தொடங்கியது. சொத்தைப் பெட்டிகளை ஏலத்துக்கு விட்டபோது நஞ்சம்மாள் புருவத்தைக் கீழே இறக்கி, ஆணி அடித்த மாதிரி நிறுத்திக்கொண்டாள். அப்படியும் நம்பிக்கை வராமல், செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் கீழே குனிந்தேவிட்டாள். அவள் முதுகு மட்டும்தான் கிருஷ்ணப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தீர்த்தகிரி ஒரு விலையில் நிறுத்தினான். அதற்குமேல் ஒருவரும் ஏற்றவில்லை.

"நஞ்சம்மா!" என்றார் கிருஷ்ணப்பன்.

அவள் குனிந்த வாக்கிலேயே நின்றாள். முதுகிலா புருவம் இருக்கிறது?

கூட்டம் அடுத்த வரிசைக்கு நகர, கிருஷ்ணப்பன் அங்கேயே நின்று கூலிங் கிளாஸைக் கழற்றித் துண்டால் துடைத்தார். நஞ்சம்மாள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள். அரை முழம்கூட இடைவெளி இல்லை. இடது புருவத்தைத் தூக்கினாள். அவர் முகத்தில் ஒன்றுமில்லை. இரண்டையும் தூக்கினாள், இறக்கினாள், தூக்கினாள். ஒன்றுமில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினாள். மண்டி ஏலக்காரர் பொறுமையாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு கண்ணிலும் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் மோர் ஊற்றிய மாதிரி வெள்ளை படர்ந்திருந்தது.

"யாரு? தைல வாசன வருது. நஞ்சம்மாவா?" என்றார்.

"எத்தன நாளாங்க இப்படி?" என்று கேட்டாள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

அவர் சட்டென்று கண்ணாடியை மாட்டப் பார்த்தார். மாட்டவில்லை. "ரெண்டு வருசமாச்சிம்மா. ஆளுங்க எல்லாம் நெழலாட்டம் தெரியுது. பழத்தக் கையில தொட்டா தரம் தெரிஞ்சிருது. கேக்கறவன் குரல்ல ஆளு தெரிஞ்சிருது. ஒரு தப்பு வராது."

"என்னத் தவுர."

"உன்னத் தவுர" என்று ஒத்துக்கொண்டார். "நீதான் வாயத் தொறக்க மாட்டியே. ஆனா எந்தச் சரக்குக்கு நீ எது வரைக்கும் போவேன்னு எனக்கு மனப்பாடம்மா. மத்தவன் நிறுத்துன எடத்துல உன் கணக்கு இருந்தா, உன் பேரச் சொல்லிருவன். ரொம்ப நாளு சரியாத்தான் இருந்திச்சி."

"தொண்ணூறு பெட்டி! அன்னிக்கிப் புருவத்தப் பாத்தேன்னு சொன்னீங்களே!"

"சொல்லலன்னா தெரிஞ்சிருமேம்மா. தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிருவாங்க. வூட்ல போயி நான் என்னாத்தக் கூவறது?"

நஞ்சம்மாளுக்கு வந்த கோபத்துக்கு அந்த மண்டியைத் தூக்கிக் கவிழ்த்திருக்கலாம். இந்த மனுசன் கண்ணில் புரை விழுந்ததற்குத் தன் இமையை அறுத்துக்கொண்டிருக்கிறாள். புருசனுக்குப் பால்காரியிடம்கூடப் பேச்சு வாங்கிக்கொடுத்திருக்கிறாள். இப்போது நாலு அடி நடந்து முதலாளியிடம் சொன்னால் போதும். பழி முழுக்க அவள் தலையிலிருந்து இறங்கிவிடும். நாளைக்கே வேறொருத்தன் ஏலம் விடுவான். ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அந்த வார்த்தை அவளுக்குப் புதுசில்லை. அன்றைக்கு பஸ்ஸில் அவள் பயந்ததும் அதற்குத்தான்.

இன்னொன்றும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று வழி சொன்னார் தர்மபுரி டாக்டர். நூல், ஊசி என்று இன்னும் இரண்டைச் சேர்த்தான் ஓசூர்ப் பையன். காசில்லாத, தையல் இல்லாத வழி ஒன்று மூக்குக்குக் கீழேயே இருந்தது. அதை ஒருத்தரும் சொல்லவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. இருபத்தேழு வருசத்துக்கு முன்னால் ஒரு நல்ல மனுசன் நல்ல மனசோடு வாயை மூடிக்கொள்ள ஒரு வழி சொல்லிக்கொடுத்தார், அவளும் நன்றியோடு மூடிக்கொண்டாள். அதை நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. புதுத் தழும்பில் உப்புப் பட்டு எரிந்தது.

"இன்னிக்கிச் சொத்தை என் பேர்லயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம காத்தால ரெடியா இருங்க" என்றாள். "தர்மபுரி போறோம். உங்களுக்கு யோசிக்கவே வேணாம், புரையை எடுத்துட்டு லென்ஸ் வெக்கறது ஒரே வழிதான். குடுத்து வெச்ச ஆளுங்க நீங்க."

"அது வரைக்கும்?" என்றார் கிருஷ்ணப்பன், பயந்த குரலில்.

அவள் தூண் ஓரத்துக்குப் போனாள். அடுத்தது வத்தல்மலைக்காரரின் பழம், முப்பத்தஞ்சு பெட்டி. கிருஷ்ணப்பன் ஆரம்ப விலை சொன்னார். தீர்த்தகிரி ஏற்றினான். பின்னாலிருந்து ஒருவர் ஏற்றினார். தீர்த்தகிரி மறுபடி ஏற்றினான். கிருஷ்ணப்பனின் கறுப்புக் கண்ணாடி தூண் பக்கம் திரும்பி, ஒன்றும் புரியாமல் நின்றது.

நஞ்சம்மாள் வாயைத் திறந்தாள்.

"அஞ்சு!"

குரல் அன்றைக்குப் போலவே இரண்டாகப் பிளந்தது. பாதி மேலே, பாதி கீழே. கொஞ்சமும் மாறவில்லை. மண்டி திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் எவனோ அதே குரலில் "அஞ்சூ" என்று இழுத்தான். நாலு பேர் சிரித்தார்கள். தீர்த்தகிரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தொண்டைக்கும் ஆபரேஷன் பண்ணிக்கிட்டிங்களாக்கா?" என்றான்.

அவள் சிரித்தவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள். இப்போது எல்லா முகமும் தெரிந்தது. எல்லாம் தொப்பையும் வழுக்கையுமாக, வயசான ஆள்கள். இவர்களுக்கா இத்தனை வருசம் பயந்தோம் என்று இருந்தது.

"பத்து!" என்று தன் விலைமேல் தானே ஏற்றினாள். எவனும் அப்படிச் செய்யமாட்டான், முட்டாள்தனம். ஆனால் இந்தத் தடவை குரல் கொஞ்சம்தான் பிளந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை.

கிருஷ்ணப்பன் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, "நஞ்சம்மா!" என்றார்.

அந்த முப்பத்தஞ்சு பெட்டியை நஞ்சம்மாள்தான் வாங்கினாள்.